மலைநாட்டுல இருந்து ஸ்கூபா படிக்கப் போறீங்களா? முதல்ல திரும்பி வர்ற நாளைப் பாருங்க

[திரை: இலங்கை வரைபடம். நுவரெலியாவில் இருந்து ஒரு கோடு திருகோணமலைக்கு, இன்னொரு கோடு ஹிக்கடுவைக்கு.]

ஸ்கூபா, அதாவது காத்து சிலிண்டரோட கடலுக்கடியில போற டைவிங். அந்தக் கோர்ஸ் பத்தி எவ்வளவோ வீடியோ இருக்கு. முக்கால்வாசி, வெளிநாட்டுல இருந்து வந்து கடற்கரையில தங்கிப் போறவங்களுக்காக எடுத்தது. அதுல கடைசியா ஒரு வரி வரும்: "டைவ் முடிஞ்சு 18 மணித்தியாலத்துக்கு ஃபிளைட் ஏறாதீங்க." நாமதான் வேன்ல போறோமேன்னு அதைக் காதுலயே போட்டுக்கிறதில்ல. ஹட்டன், ஹப்புத்தளை, நுவரெலியாக்காரங்களுக்கு முக்கியமே அந்த வரிதான்.

[திரை: உயர வரைபடம். கண்டி சுமார் 500 மீட்டர், ஹட்டன் சுமார் 1,270, நுவரெலியா 1,868.]

முதல் படியான ஓப்பன் வோட்டர் கோர்ஸ்ல 18 மீட்டர் ஆழம் வரைக்கும் போகலாம். அங்க அழுத்தம் கரையில இருக்கிறதைப் போல 2.8 மடங்கு. அந்த அழுத்தத்துல சுவாசிக்கிறப்ப, காத்துல உள்ள நைதரசன் ரத்தத்துலயும் தசையிலயும் கரைஞ்சு நிக்கும். மேல வந்த பிறகு அது வெளியேறப் பல மணித்தியாலம் எடுக்கும். அதுக்கு முன்னாடி அழுத்தம் குறைஞ்ச இடத்துக்கு ஏறினா, மூடியைத் திறந்த சோடா போத்தல் மாதிரி உள்ளுக்குள்ள குமிழி கட்டும். நுவரெலியாவுல காத்தழுத்தம் கடற்கரையில இருக்கிறதுல ஐந்துல நாலு பங்குதான். டைவிங் பாதுகாப்பைப் பார்க்கிற டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்போட வழிகாட்டல் 600 மீட்டர் உயரத்துக்கு மேலேயே கணக்கெடுக்குது. பதுளை டவுன் கூட அதைத் தாண்டிருச்சு.

[திரை: கடிகாரம். காலை 11 மணி.]

நம்ம ஆளுங்க வழக்கம் தெரிஞ்சதுதானே. கடைசி நாள் காலையில ரெண்டு டைவ், மத்தியானம் மீன் குழம்போட சோறு, உடனே வேன். கண்டியில ஒரு பிளேன்டீ, றம்பொடை வளைவெல்லாம் ஏறி ராத்திரி வீடு. இதைத்தான் செய்யக்கூடாது. பல நாள் தொடர்ந்து டைவ் பண்ணினவங்க குறைஞ்சது 18 மணித்தியாலம் பொறுக்கணும். 11 மணிக்குத் தண்ணியில இருந்து வந்தா, மறுநாள் விடியக்காலை 5 மணி. என்னைக் கேட்டா முழுசா ஒரு நாள் விடுங்க. கோர்ஸை மூணு நாள்ல முடிச்சு, நாலாவது நாளை டைவ் இல்லாம கோணேஸ்வரத்துக்கு வையுங்க. ஒரு ராத்திரி ரூம் காசுதான் கூட.

[திரை: பன்னிரண்டு மாதக் காட்டி.]

எந்தக் கடல்ங்கிறதை லீவுதான் தீர்மானிக்கும். ஓகஸ்ட் லீவுன்னா கிழக்கு: நிலாவெளி, பாசிக்குடா. அந்த நேரம் தென்மேல் பருவக்காத்துல ஹிக்கடுவைப் பக்கம் கடல் கொந்தளிச்சுக் கிடக்கும். டிசம்பர்ல அப்படியே மாறும். ஹிக்கடுவை, உனவட்டுன பக்கம் போங்க. மட்டக்களப்புல ஹெர்மிஸ் கப்பலைப் பார்க்கணும்னு ஆசை வரும். 1942ல மூழ்கின அந்தக் கப்பல் 50 மீட்டருக்கு மேல ஆழத்துல கிடக்கு. புதுசாப் படிச்சவங்களுக்கு இல்ல.

[திரை: மாதிரி அட்டை.]

கோர்ஸ் முடிஞ்சதும் கிடைக்கிற சான்றிதழ் அட்டையைக் குடுக்கிற அமைப்பு பாடியா (PADI), எஸ்எஸ்ஐயா (SSI)ங்கிற சண்டை வேண்டாம். ரெண்டையும் உலகம் பூரா ஏத்துக்குவாங்க. ஆனா அரை நாள் "ட்ரை டைவ்"வை கோர்ஸ்னு நினைச்சு ஏமாறாதீங்க. அதுக்கு சான்றிதழ் கிடையாது. முழுக் கோர்ஸ்ல கடல்ல நாலு டைவ் இருக்கணும். பாடத்தை வீட்டிலயே ஒன்லைன்ல படிச்சுட்டுப் போனா அங்க நாள் மிச்சம்.

நீச்சல்தான் நமக்குப் பெரிய தடங்கல். 200 மீட்டர் நிக்காம நீந்தணும், 10 நிமிஷம் மிதக்கணும். வேகம் யாரும் பார்க்க மாட்டாங்க. அதுக்காக காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துல இறங்கிப் பழகாதீங்க. பயிற்றுநர் இருக்கிற குளத்துல ஒரு மாசமாவது பழகிட்டுப் போங்க.

காது விஷயம் மட்டும் நமக்குப் பழக்கம். ஹட்டன் பஸ்ல கித்துல்கலைக்கு இறங்குறப்ப அடைக்குமே, அதேதான். தண்ணியில அது முதல் சில மீட்டர்லயே ஆரம்பிச்சிரும். மூக்கைப் பிடிச்சு மெதுவா ஊதி, அடைக்க முன்னாடியே திறந்துக்கிட்டே இறங்கணும். சளி பிடிச்சிருந்தா காது திறக்காது. அன்னைக்கு டைவ் வேண்டாம், குளிரூர்க்காரங்க இதைச் சொல்லாம மறைக்கவும் வேண்டாம்.

[திரை: வட்ஸ்அப் உரையாடல்.]

காசு கட்ட முன்னாடி கேளுங்க: ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? தமிழ்ல சொல்லிக் கொடுப்பாரா? படகுல அவசரத்துக்கு ஒட்சிசன் இருக்கா? அப்புறம், "நான் நுவரெலியாவுக்குத் திரும்பணும், எப்ப கிளம்பலாம்?" இதுக்கு யோசிக்காம "உடனே போகலாம்"னு பதில் வந்தா, வேற இடம் பாருங்க.

[திரை: மலைப்பாதை, இரவு.]

வேன்ல வர்றப்ப மூட்டு வலி, விறைப்பு, தோல் அரிப்பு, சாதாரணமில்லாத களைப்பு வந்தா, அது முன்னாடி சொன்ன குமிழியோட வேலையா இருக்கலாம்; பயண அலுப்புன்னு விட்டுட்டு மேல ஏறாதீங்க. வண்டியை நிறுத்தி 1990 அம்புலன்சுக்கு எடுங்க. கடைசி டைவ் எத்தனை மணிக்கு முடிஞ்சது, எவ்வளவு ஆழம்னு முதல்லயே சொல்லுங்க. நீங்க சொல்லாட்டி, மலையில இருக்கிற டொக்டருக்கு அந்த எண்ணமே வராது.