குட்டியும் ஆடும் ஒரு கையொப்பமும்

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, தமக்கு ஒதுக்கிய இருபது நிமிடங்களைப் பதினைந்திலேயே முடித்துக்கொண்டு எஞ்சிய ஐந்தை எனக்குக் கொடையாக விட்டுச்சென்ற சிறப்பு விருந்தினர் அவர்களே, பிராணிவதை வழக்குகளைப் பல்லாண்டுகள் பொறுமையோடு விசாரித்து ஓய்வுபெற்ற நீதிபதி அவர்களே, நள்ளிரவில் தொலைபேசி ஒலித்தாலும் "எந்தக் காலில் நொண்டுகிறது?" என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு புறப்பட்டுவிடும் கால்நடை மருத்துவர் அம்மையார் அவர்களே, கணக்கேட்டைத் திறக்கும்போதெல்லாம் பெருமூச்சு விடும் எங்கள் பொருளாளர் அவர்களே, லாயத்தைக் கழுவிவிட்டு அந்த வாசனையோடே வந்து பின்வரிசையில் ஒதுங்கி அமர்ந்திருக்கும் தொண்டர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

இத்தனை பேரைத் தனித்தனியே விளித்ததற்குக் காரணம் உண்டு. நான் சொல்லப்போகும் கதையில் இந்த மேடையில் இருப்பவர்களுள் மூவருக்குப் பங்கிருக்கிறது. அவர்கள் எழுந்து போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது அவைத்தலைவரின் பொறுப்பு.

விலங்கு நலப் பணியில் நேரும் தர்மசங்கடங்களைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். பட்டினி கிடந்த உயிருக்கு எப்படி உணவிடுவது, வதைத்தவனிடமே விலை கொடுத்து வாங்கி மீட்கலாமா, எந்தக் கட்டத்தில் வலியில்லாத மரணத்தை அனுமதிப்பது, தேவைக்கு மேல் இனவிருத்தி செய்வோரை என்ன செய்வது என்று நான்கு கேள்விகளைக் குறித்துக்கொண்டு வந்தேன். நான்கையும் முடிப்பேன் என்று உறுதி சொல்ல மாட்டேன். என் பேச்சைக் கேட்டுப் பழகியவர்கள் எனக்குப் பிடித்த பழமொழி எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். அவர்களைக் காக்க வைக்காமல் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

ஒரு நாள் காலையில் எங்கள் நிலையத்திற்குத் தகவல் வந்தது. ஒரு வீட்டின் பின்புறக் கொட்டகையில் குதிரைக்குட்டி ஒன்று சில வாரங்களாக வெளியே வராமல் கிடக்கிறது என்றார்கள். நானும் பொருளாளரும் இரண்டு தொண்டர்களும் போய்ப் பார்த்தோம். ஏறத்தாழ மூன்று மாத வயதுடைய ஆண்குட்டி. தாய்க்குதிரை அது பிறந்த நான்காம் வாரத்தில் வயிற்றுவலியால் இறந்துபோயிருந்தது. பிறந்த முதல் வாரங்களில் ஒரு குட்டி நாளொன்றுக்குத் தன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை பால் குடிக்கும். இந்தக் குட்டிக்குக் கிடைத்ததோ காய்ந்த வைக்கோலும் எப்போதாவது ஒரு கை தவிடும்.

அக்கம்பக்கத்தார் ஏன் முன்பே சொல்லவில்லை என்று விசாரித்தோம். வயிறு பெரிதாக இருந்ததால் நன்றாகத் தின்கிறது என்று நினைத்துக்கொண்டார்களாம். அந்தப் பெருவயிறு குடற்புழுக்களின் வேலை. உடம்பெங்கும் நீண்டு சடைவிழுந்த முடி விலா எலும்புகளை மறைத்திருந்தது. ஹென்னெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1983-இல் குதிரையின் உடல்நிலையை ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பிடும் அளவுகோலை வகுத்தார். அது வளர்ந்த குதிரைக்கானது, குட்டிக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் கண்ணை நம்பாதே, கழுத்தையும் விலாவையும் வாலடியையும் கையால் தடவிப் பார் என்ற அதன் பாடம் எல்லா உயிருக்கும் பொருந்தும். நான் தடவிப் பார்த்தேன். முடிக்கடியில் எலும்புதான் இருந்தது. பிறந்த புதிதில் கட்டிய முகக்கயிற்றைத் தளர்த்த யாருக்கும் தோன்றாததால், தலை வளர வளர அந்தக் கயிறு மூக்கெலும்பின்மேல் தோலுக்குள் புதைந்துபோயிருந்தது.

உரிமையாளர் தடை எதுவும் சொல்லவில்லை. குட்டியை எங்களிடம் ஒப்படைப்பதாக ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். பொருளாளர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இந்தச் சட்டைப்பையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டியை வண்டியில் ஏற்றும் படலம் தொடங்கியது. நிற்கவே தள்ளாடும் உயிர், நாம் நால்வர், தூக்கி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். சாய்தளத்தில் முன்காலை வைத்ததும் அது கல்லாகிவிட்டது. முன்னால் இழுத்தால் பின்னால் சாய்ந்தது. பின்னாலிருந்து தள்ளினால் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஒரு தொண்டர் அன்பான குரலில் பேசிப் பார்த்தார், இன்னொருவர் மிரட்டிப் பார்த்தார், பொருளாளர் டீசல் விலையைச் சொல்லிப் பார்த்தார். முக்கால் மணி நேரம் கழிந்தது. அப்போது கொட்டகையின் மூலையிலிருந்து ஒரு கிழட்டு வெள்ளாடு எழுந்து வந்தது. எங்களை ஏற இறங்கப் பார்த்தது. சாய்தளத்தில் விறுவிறுவென்று ஏறி வண்டிக்குள் போய்த் திரும்பி நின்று ஒரு முறை கத்தியது. குட்டி எழுந்தது, அதன் பின்னாலேயே ஏறி ஆட்டின்மேல் சாய்ந்துகொண்டது.

ஆட்டை இறக்கினோம். குட்டியும் இறங்கிவிட்டது. மறுபடி ஆட்டை ஏற்றினோம், குட்டியும் ஏறியது. மூன்றாம் முறை உரிமையாளரே, "ஐயா, இரண்டு மாதமாக அதோடுதான் படுத்துக் கிடக்கிறது, ஆட்டையும் கொண்டுபோய்விடுங்கள்" என்று சொல்லிவிட்டார். குதிரையை மீட்கப் போன நாங்கள் ஆட்டையும் சேர்த்து மீட்டுக்கொண்டு திரும்பினோம். வண்டியின் பின்பகுதியில் குட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பொருளாளர், அசதியில் சற்றுக் கண்ணயர்ந்தார். நிலையத்தில் இறங்கியபோது அவர் சட்டைப்பை கிழிந்திருந்தது. ஒப்படைப்புப் பத்திரத்தில் மிஞ்சியது ஒரு விரற்கடை அகலத் துண்டு. அதையும் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆடு மென்று முடித்தது. சிரிக்கிறீர்கள். பொருளாளர் அவர்கள் அன்று சிரிக்கவில்லை, இன்றும் சிரிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். குட்டியைக் கட்டியதும் எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஒரு வாளி நிறையத் தானியத்தைக் கலந்து எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மையார் குறுக்கே வந்து, ஒரு சொல்கூடப் பேசாமல், என் கையிலிருந்த வாளியைப் பிடுங்கிக் கவிழ்த்துவிட்டார். அந்த நேரத்தில் அவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகுதான் அவர் விளக்கினார். பட்டினி கிடக்கும் உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துப் பிழைத்திருக்கிறது. மாவுச்சத்து மிகுந்த உணவு திடீரென்று உள்ளே போனால் இன்சுலின் பெருகுகிறது. அது சர்க்கரையை உயிரணுக்களுக்குள் அனுப்பும்போது, இரத்தத்தில் எஞ்சியிருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. இதயமும் மூச்சுத் தசைகளும் அவையின்றித் தடுமாறுகின்றன. தீவனம் வைத்த முதல் நாள் விலங்கு நன்றாகத் தின்னும், நாமும் மகிழ்வோம். ஒரு வாரம் முடிவதற்குள் அது சரிந்து விழும். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது சிறைமுகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்ட மனிதர்களுள் பலர், இரக்கத்தோடு அள்ளிக் கொடுத்த உணவை உண்டே இறந்திருக்கிறார்கள். குதிரைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு, அதனால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான்.

அன்றிரவு முதல் குட்டிக்குக் கரைத்த பால்மாவும் ஒரு பிடி குதிரைமசால் என்னும் பசுந்தீவனப் பயிரும் சில மணி நேரத்திற்கு ஒரு முறை நிறுத்துக் கொடுக்கப்பட்டன. மாவுச்சத்து குறைந்த குதிரைமசாலைச் சிறுகச் சிறுகக் கொடுப்பதே பாதுகாப்பு என்பது கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் பட்டினிக் குதிரைகளை வைத்துக் கண்டறிந்த முறை. சரி, புழு மருந்தாவது உடனே கொடுக்கலாமே என்றேன். அதற்கும் மறுத்துவிட்டார். குட்டிகளைத் தாக்கும் உருளைப்புழு ஒரு சாணுக்கும் மேல் வளரக்கூடியது. வலிமையான மருந்தால் அத்தனையும் ஒரே நேரத்தில் செத்தால், திரண்டு குடலை அடைத்துக் குட்டியைக் கொன்றுவிடும். கொஞ்சம் உடம்பு தேறட்டும் என்று காத்திருந்து, மென்மையான மருந்தில் தொடங்கினார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதைப் பணத்துக்குச் சொன்னதாக நினைத்திருந்தவன் நான். இரக்கத்துக்கும் தராசு வேண்டும் என்று அந்தக் கவிழ்ந்த வாளி எனக்குச் சொன்னது.

தொண்டர்கள் குட்டியைக் கொஞ்சுவதற்கும் அவர் அளவு வைத்தார் என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். மனிதர் மடியிலேயே வளரும் ஆண்குட்டி மனிதரையும் குதிரை என்றே எண்ணிக்கொள்ளும். விளையாட்டாகக் கடிக்கும், முன்காலைத் தூக்கித் தோளில் போடும். சிறு வயதில் அது வேடிக்கை, நானூறு கிலோ எடை வந்த பிறகு அது ஆபத்து. ஆகவே ஆட்டுக்குத் துணையாக ஒரு முதிய பெண்குதிரையையும் பக்கத்துத் தடுப்பில் கட்டினோம்.

பத்திரத்துக்கு வருகிறேன். கையொப்பம் இல்லாத உடைமை செல்லாது, திரும்பப் போய் வாங்கி வாருங்கள் என்று அறிவுரை சொன்னவர் நம் நீதிபதி அவர்கள். மூன்றாம் நாள் போனேன். அந்த மனிதர் இரண்டாம் தாளிலும் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "ஐயா, கொண்டுபோய் விட ஓர் இடம் இருந்திருந்தால் தாய் செத்த அன்றைக்கே விட்டிருப்பேன். நீங்கள் வந்தால் வழக்குப் போடுவீர்கள் என்று பயந்துதான் பின்பக்கத்துக்கு மாற்றினேன்." இந்தச் சொற்களைக் கேட்ட நாள் முதல் நான் எந்த மேடையில் எதைப் பேசத் தொடங்கினாலும் இங்கேயே வந்து நிற்கிறேன். இதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். இருக்கட்டும்.

நீதிபதி அவர்கள் சற்று முன்பு பேசும்போது, வதைப்போருக்குத் தண்டனை கடுமையாக வேண்டும் என்றார்கள். அவர்கள் அனுபவத்தின்முன் நான் மாணவன். 1822-இல் ரிச்சர்ட் மார்ட்டின் என்ற உறுப்பினர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் முயன்று நிறைவேற்றிய சட்டம் குதிரைகளையும் மாடுகளையும் வதைப்பதைக் குற்றமாக்கியது. இரண்டே ஆண்டுகளில், 1824-இல், அச்சட்டத்தை நடைமுறைப்படுத்த ஒரு சங்கமும் தோன்றியது. அந்தச் சட்டங்கள் இல்லையென்றால் நாம் இங்கே கூடியிருக்கவே மாட்டோம். சாட்டையால் அடிப்பவனுக்குச் சட்டம் வேண்டும். வகையறியாமல், வழியறியாமல், வெட்கப்பட்டுக்கொண்டு பட்டினி போடுகிறவனுக்கும் அதே சட்டத்தை மட்டும் காட்டினால், அவன் விலங்கைப் பின்பக்கக் கொட்டகைக்கு மாற்றுகிறான். தண்டனையின் சுமையைக் குட்டி சுமக்கிறது.

ஒரு கதவை அடைக்கும்போது மற்றொன்றைத் திறக்க மறந்தால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே குதிரை இறைச்சிக்கூடங்களுள் கடைசியானவை 2007-இல் மூடப்பட்டன. நல்லெண்ணத்தோடு போராடி மூட வைத்தார்கள். அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2011-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2010-இல் ஏறத்தாழ 1,38,000 குதிரைகள் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் இறைச்சிக்காகக் கொண்டுசெல்லப்பட்டன. மூடுவதற்கு முன்பு உள்நாட்டிலும் எல்லைக்கு அப்பாலுமாகக் கொல்லப்பட்ட மொத்த எண்ணிக்கையும் ஏறத்தாழ அதுவே. பயண தூரம் மட்டும் கூடியது. அக்கூடங்களுக்காக நான் வாதாடவில்லை. வேண்டாத குதிரைக்குப் போக்கிடம் எது என்ற கேள்விக்கு விடை காணாமல் விட்டதைத்தான் சொல்கிறேன்.

விலைகொடுத்து மீட்பது பற்றி ஒரு சொல். மெலிந்த குட்டியைத் தெருவோரத்தில் கட்டிவைத்தால் நம்மைப் போன்றவர்கள் கண்ணீரோடு பணம் தருவார்கள் என்று கற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். பணத்தைக் கொடுத்து ஒன்றை ஓட்டிவருவோம். அடுத்த வாரம் அதே முளையில் வேறொன்று நிற்கும். அதற்காக முதல் குட்டியைச் சாகவிட்டு வர முடியுமா? எனக்கு இரண்டு முறை இந்த நிலை வந்தது. ஒரு முறை கொடுத்தேன், ஒரு முறை கொடுக்கவில்லை. இரண்டு இரவுகளும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே நான் கேட்பது ஒரு கதவு. வைத்துக் காக்க இயலாதவர் எவரும், வழக்குக்கும் வசைக்கும் அஞ்சாமல், விலையும் கேட்காமல், தம் விலங்கை ஒப்படைத்துவிட்டுப் போகும் திறந்த கதவு ஒன்று ஒவ்வொரு நிலையத்திலும் வேண்டும். இதைச் சொன்னால் பொருளாளர் இரண்டு தடைகளை எழுப்புவார். ஊரார் தொல்லைகளையெல்லாம் நம் வாசலில் கொட்டிவிடுவார்கள் என்பது ஒன்று. குதிரை இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் வாழுமே, அத்தனை காலத்துக்கும் தீவனச் செலவுக்கு யார் பொறுப்பு என்பது மற்றொன்று. முதல் தடைக்கு என்னிடம் பதில் இருக்கிறது: லாயத்தில் எத்தனை தடுப்புகளோ அத்தனை விலங்குகள், அதற்கு மேல் காத்திருப்போர் பட்டியல், ஆண்குதிரை என்றால் காயடித்த பிறகே வேறொருவர் வளர்ப்புக்குத் தருவது, ஒப்படைத்தவர் பெயர் வெளியே போகக்கூடாது. கதவைத் திறந்தாலும் அளந்து திறக்க வேண்டும், பழமொழி நமக்கும்தான். இரண்டாம் தடைக்கு என்னிடம் முழு விடை இல்லை. பட்டினிக் குட்டி ஒன்றைத் தேற்ற ஆகும் மருத்துவச் செலவை, பட்டினிக்கு முன்பே வந்துசேரும் குட்டிக்கு நாம் செய்ய வேண்டியதில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

மணி அடித்துவிட்டார்கள். வலியில்லாத மரணத்தைப் பற்றியும் இனவிருத்தியைப் பற்றியும் பேச நேரமில்லை. முன்னதைப் பற்றி என்னைவிட அம்மையார் நன்றாகப் பேசுவார், அவரை அடுத்த கூட்டத்தில் அழைக்குமாறு அவைத்தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். குட்டிக்கு இப்போது இரண்டு வயது. மூக்கில் கயிற்றின் தழும்பின்மேல் வெள்ளை முடி முளைத்திருக்கிறது. ஆடும் நலமே. திறந்த கதவுத் திட்டத்தை நம் சங்கம் ஏற்க வேண்டும் என்ற தீர்மானத்தின் படிவங்கள் வெளியே செல்லும் வழியில் மேசைமேல் வைக்கப்பட்டுள்ளன. ஆட்டை இன்று அழைத்துவரவில்லை; அச்சமின்றிக் கையொப்பமிடலாம். நன்றி, வணக்கம்.