ஊரைப் பகைத்தும் வேர் கெடாதவர்

அவைத் தலைவர் ஐயா அவர்களே, மண்டபத்தை வாடகையில்லாமல் தந்த நூலகத்தார் அவர்களே, வேறு இரண்டு கூட்டங்களை விட்டுவிட்டு வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, இடமில்லாமல் நின்றுகொண்டிருக்கும் கல்லூரித் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

'ஊருடன் பகைக்கின் வேருடன் கெடும்' என்று சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். ஊரையே பகைத்துக்கொண்டு 43 ஆண்டுகள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இருந்தவர் ஸ்காட்லாந்துக்காரர் டாம் டியெல். 1962 முதல் 2005 வரை தொழிற்கட்சி உறுப்பினர். ஒருநாளும் அமைச்சர் ஆனதில்லை. அவரைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்ல வந்தேன்: அல்டாப்ரா தீவு, ஃபாக்லாந்து போர்.

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் அல்டாப்ரா தீவில் பிரிட்டிஷ் ராணுவ விமானதளம் கூடாது என்று போராடினார். தளம் வரவில்லை, ராட்சத ஆமைகள் பிழைத்தன. சரி, ஃபாக்லாந்துக்கு வருகிறேன்.

1982-இல் ஃபாக்லாந்து தீவுகளுக்காக அர்ஜென்டினாவோடு மோத பிரிட்டனே கொடி பிடித்தபோது இந்தப் போர் வேண்டாம் என்றார். கட்சித் தலைவர் மைக்கேல் ஃபுட் அவரை முன்வரிசைப் பொறுப்பிலிருந்து தூக்கினார். மே 2 அன்று பிரிட்டிஷ் நீர்மூழ்கி அர்ஜென்டினாவின் 'பெல்கிரானோ' கப்பலை மூழ்கடித்தது; 323 பேர் இறந்தார்கள். தீவுகளைச் சுற்றி பிரிட்டன் அறிவித்திருந்த 200 மைல் தடைவளையத்துக்கு வெளியே, விலகிப் போய்க்கொண்டிருந்த கப்பலை ஏன் தாக்கினீர்கள் என்று டியெல் விடாமல் கேட்டார்.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். 1983 மே 24, தேர்தல் நேரம். பிபிசி தொலைக்காட்சியில் பிரதமர் தாட்சர். கேள்வி கேட்பவர் டயானா கூல்ட் என்ற ஆசிரியை. அதே கேள்வி! கப்பல் விலகிப் போகவில்லை என்கிறார் பிரதமர். அந்த அம்மா விடவில்லை; கப்பல் போன திசையைப் பாகைக் கணக்கில் எடுத்துச் சொல்கிறார். நம் கப்பல்களுக்கு ஆபத்து என்கிறார் பிரதமர். அந்த அம்மா மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறார். இரும்புப் பெண்மணியின் முகம் இறுகியதை நாடே பார்த்தது! (கைதட்டல்)

மறு ஆண்டு, பாதுகாப்பு அமைச்சக அதிகாரி கிளைவ் பான்டிங் பெல்கிரானோ பற்றிய ஆவணங்களை டியெலுக்கே அனுப்பினார். ரகசியக் காப்புச் சட்டத்தில் வழக்கு. 1985 பிப்ரவரியில் ஜூரிகள் பான்டிங்கை விடுவித்தார்கள்.

ஊருடன் பகைத்தவரின் வேர் ஏன் கெடவில்லை? கட்சி பறித்தது பொறுப்பை மட்டும்தான். உறுப்பினர் பதவி தொகுதி மக்கள் கையில் இருந்தது, அவர்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தார்கள். அதே 1985-இல் நம் நாட்டில் அரசியலமைப்பின் 52-ஆவது திருத்தம் வந்தது. கட்சி தாவலைத் தடுக்க வந்த சட்டம். ஆனால் கொறடா சொன்னபடி வாக்களிக்காவிட்டாலும் பதவி போகலாம். டியெல் இங்கே பிறந்திருந்தால் 43 ஆண்டுகள் தாக்குப்பிடித்திருப்பாரா?

நம்பிக்கை வாக்கெடுப்புக்கு மட்டும் இந்தத் தடை போதும் என்று தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு 1990-இலேயே சொல்லிவிட்டது. அதைத்தான் நாங்கள் கேட்கிறோம். மனு வாசல் மேசையில் இருக்கிறது; படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள்.