சோயா வித்துக்குள் ஒரு துருசு

வன்னி நேயர்களுக்கு வணக்கம். சோயா என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது கறிச்சட்டியில் வேகும் சோயாமீற்தான். உழுந்தும் பயறும் கச்சானும் விதைக்கும் நம் பகுதியில் சோயா வித்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு.

கிழக்காசியாவில் இன்றும் தானாகவே படரும் காட்டுச் சோயாவின் வித்து கறுப்பானது, உழுந்திலும் சிறியது. அதன் நூறு வித்துகள் மூன்று கிராமைத் தாண்டுவது அரிது. பயிரிடப்படும் சோயாவிலோ நூறு வித்துகள் 15 கிராமுக்கு மேல் நிறுப்பது சாதாரணம். எண்ணெயும் ஏறத்தாழ 20 சதவீதம் இருக்கும். இவ்வளவு வேறுபாட்டுக்கும் ஒரே பரம்பரையலகு காரணமன்று. ஆனால் அவற்றுள் ஓர் இரட்டையர் தனித்துச் சொல்லத்தக்கவர்.

இலையில் உண்டாகும் வெல்லம் தண்டு வழியாக வித்துறை வரை வந்துவிடும். வித்துறைக்கும் உள்ளேயிருக்கும் முளையத்துக்கும் இடையில் நேரடிக் குழாய்த் தொடர்பு இல்லாததால், நிறைந்த குளமும் காய்ந்த வயலும் போல அவை பிரிந்து நிற்கின்றன. அங்கே துருசாக நின்று வெல்லத்தை உள்ளே விடும் புரதங்களை ஆக்குபவையே சுவீற் 10ஏ, 10பீ என்னும் பரம்பரையலகுகள். சீன ஆய்வாளர்கள் இவ்விரண்டையும் செயலிழக்கச் செய்து, 2020இல் வெளியிட்ட முடிவுகளின்படி, வித்து சிறுத்தது, எண்ணெய் குறைந்தது, புரதத்தின் பங்கோ கூடியது. அவற்றின் செயற்பாட்டைக் கூட்டியபோது எல்லாம் மறுபக்கம் திரும்பின. பண்டைய உழவர் கண்ணுக்குத் தெரிந்த பருமனைப் பார்த்தே விதை தெரிந்தார்கள். எண்ணெய் அவர்கள் அறியாமலே கூட வந்து சேர்ந்தது.

இதனால்தான் எண்ணெய் கூடிய இனம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நாம் மயங்க வேண்டியதில்லை என்பேன். எண்ணெய் ஆலைக்கு அது இலாபம். சோயாமீற்றுக்கும், சோளத்தோடு சேர்த்து அரைக்கும் திரிபோஷாவுக்கும் நாம் தேடுவது புரதத்தை அல்லவா?

இன்னொன்று, பரம்பரையலகு துருசைத் திறந்து வைத்தாலும், சிறுபோகத்தில் காய் முற்றும் நாட்களில் நீர் கிடைக்காவிட்டால் இலையிலிருந்து வரும் வெல்லமே குறைந்து, நல்ல இனத்தின் வித்தும் சூம்பிப்போகும். பருத்த வித்து சூடடிக்கும்போது எளிதில் வெடிக்கும். எண்ணெய் மிக்க வித்து நம் வெக்கையில் முளைதிறனையும் விரைவாக இழக்கும். ஆகவே விதைக்கென எடுத்து வைப்பதை மெதுவாக அடித்து, நன்றாக உலர்த்தி, குளிர்ந்த இடத்தில் காற்றுப்புகாமல் மூடி வையுங்கள். அடுத்த போகத்தில் விதைக்குமுன் நூறு வித்தை ஈரச் சாக்கில் முளைக்கவிட்டு எண்ணிப் பாருங்கள்.