கம்பியை மூடும் 45 மில்லிமீட்டர்

வணக்கம் நேயர்களே. கடலோர ஊரான மண்டபத்தில் என் சித்தி ஒரு புது வீடு வாங்கினார். ஆறாவது வருஷம் போர்டிகோ கூரையின் அடியில் பழுப்பாக ஒரு கோடு தெரிந்தது. எட்டாவது வருஷம் காங்கிரீட் பத்தை பத்தையாக விழுந்தது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். கம்பி விரல் பட்டதும் அப்பளம்போல் உதிர்ந்தது. அதை மூடியிருந்த காங்கிரீட் என் சுண்டுவிரல் கனம்கூட இல்லை.

நான் சிவில் இன்ஜினியர். தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை இதே கதையைப் பார்த்துவிட்டேன். உப்புக் காற்று காங்கிரீட்டின் நுண்துளைகள் வழியாகக் கம்பியைத் தொடுகிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. அதனால்தான் கடற்கரைக் கட்டடங்களுக்கு காங்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456, எம்30 என்ற வலுத் தரக் காங்கிரீட்டும், கம்பியை மூட 45 மில்லிமீட்டர் கவரும் (கம்பிக்கு மேல் உள்ள காங்கிரீட்டின் கனம்) கேட்கிறது. கலவைத் தண்ணீரில் உப்பிலுள்ள குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நம் பக்கத்துப் போர் தண்ணீரை வாயில் வைத்தாலே தெரியுமே! அதையே ஊற்றிக் கலந்தால் உப்பை நாமே உள்ளே வைத்துப் பூசுகிறோம்.

2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் சித்தி வீட்டில் கோடு தெரிந்தது ஆறாவது வருஷம். 500 சதுர மீட்டருக்கு உள்பட்ட மனையில் நாலைந்து வீடு கட்டி விற்பவர்களுக்கு இந்தச் சட்டப்படி திட்டத்தைப் பதிவு செய்வதும் கட்டாயமில்லை. நம் ஊர்களில் விற்கிற வீடுகளில் பல அப்படிப்பட்டவைதான்.

வில்லங்கம், பட்டா, மூலப்பத்திரம் எல்லாம் பார்க்கிறோம், சரி. கூடவே தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையையும், காங்கிரீட் போடுமுன் எடுத்த கம்பிப் படங்களையும் பில்டரிடம் கேளுங்கள். கட்டி முடித்த வீடு என்றால் கவர் மீட்டர் வைத்திருக்கும் இன்ஜினியரை அழைத்துப் போங்கள். சுவரை உடைக்காமலே கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அது காட்டிவிடும்.

பில்டர்களிடமும் ஒன்று கேட்கிறேன். கம்பியைப் பலகையில் படாமல் தூக்கி வைக்கும் சின்னக் கட்டையான கவர் பிளாக் சில ரூபாய்தான். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

உச்சிப்புளியில் ஒரு பில்டர், காங்கிரீட்டுக்கு முந்தின நாள் வாங்குபவர்களைக் கூப்பிட்டுக் கம்பியைக் காட்டுகிறார். போன மாதம் ஓர் அம்மா டேப்போடு வந்தார். இரண்டு இடத்தில் கம்பி, காங்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மேஸ்திரி நெம்பித் தூக்கி, கவர் பிளாக்கைச் செருகினார். அந்த அம்மா மறுபடி அளந்து பார்த்துத் தலையாட்டினார். மறுநாள் காலையில்தான் மிக்ஸர் ஓடியது.