சூடு எங்கே போகிறது?

வணக்கம் நேயர்களே. கணினித் திரைக்குப் படம் உருவாக்கித் தரும் கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை டிகிரி போகும்?" என்பதுதான். 65 என்றால் முகம் மலரும், 78 என்றால் வாடிவிடும். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "உங்கள் கேபினெட் எது?" கணினியின் பாகங்கள் உட்காரும் பெட்டியைத்தான் சொல்கிறேன்.

கார்டில் இருக்கும் கூலர் சூட்டை அழிப்பதில்லை, இடம் மாற்றி வைக்கிறது, அவ்வளவுதான். சிப்பின் மேல் ஒரு செம்புத் தகடு. அதிலிருந்து பென்சில் தடிமனில் ஹீட் பைப்புகள் கிளம்பும். பார்த்தால் கெட்டிக் கம்பி மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சிறிதளவு தண்ணீர் விட்டு அடைத்திருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் அந்தத் தண்ணீர் 100 டிகிரிக்கு வெகு முன்பே ஆவியாகும். ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடி, சூட்டை அங்கே விட்டுவிட்டு நீராகி, குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே ஊறித் திரும்பி வரும். மோட்டார் கிடையாது, சத்தம் கிடையாது. எத்தனையோ முறை விளக்கிவிட்டேன், இன்னும் எனக்கு அலுக்கவில்லை.

சரி, சூடு அலுமினியத் தகடுகளுக்கு வந்துவிட்டது, ஃபேன் ஊதுகிறது. ஊதிய காற்று எங்கே போகும்? கடையில் கிடைக்கும் பெரும்பாலான மூன்று ஃபேன் கார்டுகளில் அது தகடுகளில் மோதி, பக்கவாட்டில் சிதறி, கேபினெட்டுக்குள்ளேயேதான் விழும். ப்ளோயர் வகைக் கார்டு மட்டும் சூட்டை நேராகப் பின்புறத் துளைகள் வழியே வெளியே தள்ளும். நல்ல பிள்ளைதான், ஆனால் வாய் அதிகம். கிராபிக்ஸ் சிப் தயாரிக்கும் என்விடியா நிறுவனம் 2020-இல் தன் சொந்த வடிவமைப்பில் விட்ட ஆர்டிஎக்ஸ் 3080-இல் சர்க்யூட் போர்டைக் குட்டையாக்கி, ஒரு ஃபேனின் காற்று கார்டை ஊடுருவி மறுபக்கம் போகும்படி செய்தார்கள். 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090-இல் இரண்டு ஃபேனுக்கும் அந்த வழி கிடைத்தது. 575 வாட் கார்டு, தடிமன் இரண்டே ஸ்லாட், அதாவது கேபினெட்டின் பின்புறத்தில் கார்டுகளுக்கான இரண்டே இடம்! சாமர்த்தியமான வேலை. ஆனால் அந்தச் சூடான காற்று நேராக ஏறுவது பிராசஸர் கூலரின் பக்கம். மேலேயோ பின்னாலேயோ இழுத்து வெளியேற்ற ஃபேன் இல்லையென்றால் கார்டு தப்பித்தது, பிராசஸர் மாட்டிக்கொண்டது.

எவ்வளவு காற்று வேண்டும்? 450 வாட் சூட்டை, காற்று 10 டிகிரி மட்டும் சூடேறி வெளியே எடுத்துப் போகவேண்டும் என்றால், வினாடிக்கு ஏறத்தாழ 37 லிட்டர் காற்று நகரவேண்டும். சுமார் இரண்டரை வாளி, ஒவ்வொரு வினாடியும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு, ஓரத்தில் ஒரு கீற்று இடைவெளி விட்ட அழகான கேபினெட்டுகளைப் பார்க்கும்போது எனக்கு இந்த வாளிக் கணக்குதான் நினைவுக்கு வரும்.

ஆகவே கார்டை எடைபோட டிகிரி மட்டும் போதாது. ஃபேன் நிமிடத்துக்கு 2400 சுற்று ஓடி 65 டிகிரியில் நிற்கும் கூலரைவிட, 1300 சுற்றில் 72 டிகிரியில் நிற்பது நல்ல கூலர் என்பேன். ஃபேன் வேகத்தை ஓரிடத்தில் நிறுத்தி வைத்து, கார்டுக்கு முழு வேலை கொடுத்து, இருபது நிமிடம் பொறுத்துப் பாருங்கள். அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். அது இல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை. சராசரி மட்டுமல்ல, ஹாட் ஸ்பாட் (சிப்பிலேயே அதிகம் சூடான இடம்), மெமரி இரண்டின் வெப்பநிலையையும் பாருங்கள். ஹாட் ஸ்பாட் தனியே எகிறி நின்றால் சிப்பின் மேல் தகடு சரியாகப் படியவில்லையோ என்று சந்தேகிக்கலாம்.

அப்புறம் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை. இரண்டு மூன்று டிகிரி குறைந்தால் கவலையில்லை. பத்து டிகிரி குறைந்தால் கூலரைத் திட்டாதீர்கள், கேபினெட்டுக்கு மூச்சு முட்டுகிறது.

இதை நான் கற்றது என் சொந்தக் கேபினெட்டில். கதவை மூடினால் கார்டு கதறும், திறந்தால் அடங்கும். டிஷ்யூ பேப்பரை மெல்லிய கீற்றாகக் கிழித்து முன்பக்க வலையருகே பிடித்தேன். உள்ளே இழுக்கப்படவேண்டிய கீற்று என் பக்கம் பறந்தது. பொதுவாக ஃபேனில் மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கால்கள் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். நான் அந்தப் பக்கத்தை வெளியே பார்க்க மாட்டியிருந்தேன். முன்னாலும் வெளியே, பின்னாலும் வெளியே! நான்கு திருகுகளைக் கழற்றி, திருப்பிப் போட்டேன். கார்டையே மாற்றிவிடலாம் என்று விலை விசாரித்துக்கொண்டிருந்த வாரம் அது.