4 ஜிபி கார்டுல ஏஐ படம்: கறுப்பா வந்தா என்ன செய்யணும்?

அடுத்த கேள்வி தொண்டியிலிருந்து. பிளக்ஸ் டிசைன் பண்ற ஒரு தம்பி கேட்டிருக்கார். வீட்டுல ஐ5 கம்ப்யூட்டர், 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, கார்டுல 4 ஜிபி மெமரி. எழுதிக் கொடுத்தா படம் வரைஞ்சு தர்ற ஸ்டேபிள் டிஃப்யூஷன்ங்கிற ஏஐக்காக, அதை ஓட்டுற ஆட்டோமேட்டிக்1111 சாஃப்ட்வேரை இறக்கியிருக்கார். அது பைத்தான்ங்கிற நிரல் மொழியில ஓடுறது; முதல்ல, அதுக்குத் தேவையான டார்ச்ங்கிற தொகுப்பு கிடைக்கலன்னு எரர். பைத்தானை மாத்திப் போட்ட பிறகும் அதே எரர். எப்படியோ ஓட வச்சா, இப்ப படம் முழுக்கக் கறுப்பா வருது. "கார்டு போயிருச்சாண்ணே, புதுசு வாங்கணுமா?"ன்னு கேக்குறார்.

கார்டு போகல தம்பி. காசை எடுத்து உள்ள வைங்க.

அந்த முதல் எரரைச் சொல்லிருறேன், நிறைய பேர் அதுலயே மாட்டிக்கிறாங்க. ஆட்டோமேட்டிக்1111க்குன்னு சோதிச்சு வச்ச பைத்தான் 3.10.6. நம்மாளுக என்ன செய்றாங்க, பைத்தான் தளத்துக்குப் போய் பெரிய பட்டனா இருக்கிற புது வெர்ஷனை இறக்கிடுறாங்க. 3.12க்கோ அதுக்கு மேலயோ போயிட்டா, அது கேக்குற பழைய டார்ச் அதுல இல்லவே இல்ல. சரின்னு 3.10 போட்டாலும் ஏன் அதே எரர்? முதல் தடவை ஓடும்போதே வென்வ்னு ஒரு ஃபோல்டர் உண்டாயிருக்கும். அது பழைய பைத்தானையேதான் பிடிச்சுக்கிட்டு இருக்கும். அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் அழிச்சிட்டு மறுபடி ஓடவிடணும். மத்ததை எல்லாம் அழிக்க வேண்டாம், இறக்கின மாடல் பைலும் சேந்து போயிரும்.

இப்ப கறுப்புப் படம். மெமரி மிச்சமாகணும்னு இந்த சாஃப்ட்வேர் கணக்கை 16 பிட்டுல போடும். 1630, 1650, 1660 வரிசைக் கார்டுகள்ல அந்த 16 பிட் கணக்கு நடுவுல கெட்டுப்போய், எண்ணே இல்லாத மதிப்பு வந்துரும். அந்த மதிப்பைப் படமாக்கினா கறுப்புத்தான். சாஃப்ட்வேர் ஓடும்போது கூடவே திறக்கிற கறுப்பு ஜன்னல்ல வர்ற எரர் வரியைக் கடைசி வரைக்கும் படிங்க. 'இன் யூநெட்'னு இருந்தா படம் உருவாகுற கணக்கே கெடுது. 'இன் விஏஇ'னு இருந்தா, கணக்கைக் கடைசில படமா மாத்துற பகுதி கெடுது; முன்னோட்டத்துல படம் நல்லாத் தெரிஞ்சு, முடியுற நேரத்துல கறுத்திருக்கும். ரெண்டாவதுக்கு நோ-ஹாஃப்-விஏஇ ஆப்ஷன் போதும். முதலாவதுக்கு நோ-ஹாஃப், அதாவது எல்லாத்தையும் 32 பிட்டுல கணக்குப் போடுற ஆப்ஷனைப் போடச் சொல்லுவாங்க. போட்டா படம் வரும், ஆனா வேற வினை வரும். ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5ல யூநெட் பகுதியில மட்டும் சுமார் 86 கோடி எண் இருக்கு. 16 பிட்டுல வச்சா ஏறக்குறைய 1.7 ஜிபி, 32 பிட்டுல வச்சா 3.4 ஜிபி. 4 ஜிபி கார்டுல மிச்சம் என்ன இருக்கும்? மெமரி பத்தலன்னு நின்னுரும்.

அதனால இந்தக் கார்டுக்கு நாங்க சொல்றது, ஆட்டோமேட்டிக்1111க்குப் பதிலா அதே வேலையைச் செய்ற கம்ஃபி யூஐ. 16 வரிசைக் கார்டுகளோட பட்டியல் அதுக்குள்ளயே எழுதியிருக்கு, 1650ன்னு கண்டா தானே கணக்கை மாத்திக்கும். விண்டோஸுக்கான போர்ட்டபிள் தொகுப்பை அவங்க கிட்ஹப் பக்கத்துல மட்டும் எடுங்க. பைத்தான் அதுக்குள்ளயே வருது, தனியாப் போட வேண்டாம். முதல்ல என்விடியா டிரைவரைப் புதுசு பண்ணிருங்க. 7-சிப்ல பிரிங்க. பிரிக்க விடலன்னா பைல் மேல ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், அன்பிளாக். டி டிரைவ்ல ஏஐன்னு ஒரு சின்ன ஃபோல்டர் போதும். டெஸ்க்டாப்ல வேண்டாம், ஒன்டிரைவ் அதை மேல ஏத்தப் பாக்கும். ஃபோல்டர் பேரைத் தமிழ்ல வைக்காதீங்க, இடைவெளியும் விடாதீங்க. 30 ஜிபி காலி இடம் இருக்கட்டும்.

ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 மாடல் பைல் 4 ஜிபிக்குக் கொஞ்சம் மேல. சேஃப்டென்சர்ஸ்னு முடியுறதை எடுங்க. சிகேபிடின்னு முடியுற பழைய வகைக்குள்ள யாராவது நிரலை ஒளிச்சு வச்சா, திறக்கும்போதே அது ஓடிரலாம். போன் ஹாட்ஸ்பாட்ல இறக்குறவங்க கவனிக்கணும்: நாளைக்கு ஒன்றரை, ரெண்டு ஜிபி பிளான்ல இது ஒரே நாள்ல முடியாது. விட்ட இடத்துலருந்து தொடர்ற டவுன்லோட் மேனேஜர் வச்சு இறக்குங்க. பாதி பைலோட ஓட்டினா 'இன்கம்ப்ளீட் பஃபர்'னு எரர் வரும், அப்ப கார்டைக் குறை சொல்லாதீங்க. பைலோட அளவு அந்தப் பக்கத்துல போட்டிருக்கிற அளவுதானான்னு பாருங்க. இறக்கினதை மாடல்ஸ் ஃபோல்டருக்குள்ள செக்பாயிண்ட்ஸ்ல வைங்க. ரன் என்விடியா ஜிபியூன்னு இருக்கிற பைலை டபுள் கிளிக் பண்ணினா பிரவுசர் தானா திறக்கும். பட அளவு 512க்கு 512, ஸ்டெப் (எத்தனை சுற்றுல படத்தை உருவாக்கணும்ங்கிறது) 20, சிஎஃப்ஜி (விளக்கத்தை எவ்வளவு கெட்டியாப் பிடிக்கணும்ங்கிறது) 7. இதுல ஆரம்பிங்க.

8 ஜிபி ரேம் இருக்கிறதால இன்னொரு எரர் வரலாம், பேஜிங் ஃபைல் பத்தலன்னு. விண்டோஸ் செட்டிங்ஸ்ல விர்ச்சுவல் மெமரியை 16 ஜிபிக்கு மேல வைங்க, எஸ்எஸ்டில. ஸ்டேபிள் டிஃப்யூஷன்ல பெரிய வகையான எஸ்டிஎக்ஸ்எல் மாடல் பைலே 7 ஜிபி கிட்ட, அதை இந்த மெஷின்ல தொட வேண்டாம். எரரே வராம திடீர்னு ரொம்ப மெதுவாப் போனா, கார்டு மெமரி நிரம்பி வேலை ரேமுக்கு வழியுதுன்னு அர்த்தம். ஒரு நல்ல வழி இருக்கு. உங்க ஐ5ல உள்ளேயே கிராபிக்ஸ் இருந்தா, மானிட்டர் கேபிளைக் கார்டுலருந்து கழட்டி மதர்போர்டுல சொருகுங்க. விண்டோஸும் குரோமும் பிடிச்சு வச்சிருந்த சில நூறு எம்பி கார்டுல விடுபடும். 4 ஜிபில அது பெரிய விஷயம். பிராசஸர் பேர் எஃப்னு முடிஞ்சா அதுல கிராபிக்ஸ் இல்ல, அப்ப இது முடியாது.

நம்ம கரையில இருக்கிறவங்களுக்குன்னு சொல்ல வேண்டியது உப்பு. காத்துல ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டிட்டா உப்புத் துகள் தண்ணியை இழுத்துக் கசியும். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம் பக்கம் ராத்திரி முழுக்க அந்த ஈரம் இருக்கிற நாள் நிறைய. அந்தக் கசிவு மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். கடலைப் பாத்த ஜன்னல் ஓரம் கேபினெட்டை வைக்காதீங்க. பயன்படுத்தலன்னாலும் தினமும் கொஞ்ச நேரம் ஆன் பண்ணி விடுங்க, அந்தச் சூடு உள்ள ஈரம் தங்க விடாது. மூடி போடுறதா இருந்தா நல்லா ஆறின பிறகு போடுங்க. கார்டோட தங்க நிறப் பின்னை ரப்பர் வச்சுத் தேய்க்கிற பழக்கம் நம்மகிட்ட உண்டு. வேண்டாம், பூச்சு தேய்ஞ்சா உள்ள இருக்கிற செம்பு வரைக்கும் உப்பு போயிரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 99 சதவீதம், பஞ்சு வராத துணி, அவ்வளவுதான். கேபினெட்டைத் தொட்டாச் சுள்ளுன்னு இருந்தா எர்த் சரியில்ல. மணல் தரை காஞ்சா எர்த் எடுக்காது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்க. கரண்டு போய்ப் போய் வர்ற ஊர்ல யூபிஎஸ் இல்லாம இதை ஓட்டாதீங்க. 1650 எடுக்கிறது 75 வாட்தான், 600 விஏ யூபிஎஸ் ஒழுங்கா நிறுத்துறதுக்கு நேரம் தரும்.

பிளக்ஸ் வேலைக்குன்னு கேட்டதால இதையும் சொல்றேன். விளக்கத்தை இங்கிலீஷ்ல அடிங்க, இந்த மாடல் பழகினது பெரும்பாலும் இங்கிலீஷ். தமிழ் எழுத்தை அதுகிட்ட கேக்காதீங்க, கோடு கோடாத்தான் வரும். எழுத்தை நீங்க எப்பவும் டிசைன் பண்ற சாஃப்ட்வேர்ல மேல வைங்க. வள்ளம்னு மனசுல வச்சு போட்னு அடிச்சா ஏதோ வெளிநாட்டு ஏரியில நிக்கிற படகு வரும். பாம்பன் பாலமும் அப்படித்தான். 2025 ஏப்ரல்ல திறந்த புதுத் தூக்குப் பாலத்தை 2022ல வந்த மாடல் பாத்திருக்காது. கரையில நிக்கிற வள்ளத்தை நீங்களே போட்டோ எடுங்க. 768க்கு 512 ஆக்கி, கம்ஃபி யூஐல லோட் இமேஜ்ங்கிற கட்டத்துல கொடுங்க, அதை விஏஇ என்கோட்ங்கிற கட்டம் வழியா, படத்தை உருவாக்குற கேசாம்ப்ளர் கட்டத்தோட லேட்டன்ட்ல இணைங்க. டீநாய்ஸ், அதாவது போட்டோவை எவ்வளவு மாத்தணும்ங்கிற அளவு, 0.45. வள்ளத்தோட முன்பக்கமான அணியம் எழும்புற வளைவு அப்படியே நிக்கும், வானமும் வெளிச்சமும் மாறும். 0.7க்குப் போனா வள்ளமே மாறிரும்.

அப்புறம் அளவு. 768 பிக்சலை 6 அடி அகலத்துக்கு இழுத்தா ஒரு இஞ்சுக்குப் பத்துப் பிக்சல்தான், கட்டம் கட்டமாத் தெரியும். படத்தைப் பெருசாக்குற ரியல் ஈஎஸ்ஆர்கான் மாடலோட நாலு மடங்கு பைலை அப்ஸ்கேல் மாடல்ஸ் ஃபோல்டர்ல வச்சுப் பெருக்கினா இஞ்சுக்கு நாப்பதுக்கு மேல வரும். ரோட்டுல தள்ளி நின்னு பாக்குற பேனருக்கு அது போதும். கையில வச்சுப் பாக்குற பத்திரிகைக்குன்னா சின்னதா மட்டும் போடுங்க.

இத்தனைக்கும் பிறகு கறுப்பாவே வந்தா, அந்த ஜன்னல்ல இருக்கிற கடைசி இருபது வரியைக் காப்பி பண்ணி கமெண்ட்ல போடுங்க தம்பி. போட்டோ எடுத்து அனுப்பாதீங்க, நமக்கு வேண்டிய வரி ஓரத்துல வெட்டிருது.