குண்டு வந்த வழி

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் ‘உயரங்களும் தொலைவுகளும்’ என்று ஒரு பகுதி உண்டு. 133 அடித் திருவள்ளுவர் சிலையையும் முட்டம் கலங்கரை விளக்கத்தையும் வைத்து அதை நடத்துவது என் வழக்கம். அங்கே உயரம் காணப் பயன்படும் அதே டேன்ஜென்ட் விகிதம், துப்பாக்கிச் சூடு நடந்த இடத்தில் யாருடைய வாக்குமூலம் பொருந்துகிறது, யாருடையது பொருந்தவில்லை என்று காட்டவும் உதவுகிறது. அருகில் காகிதம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எண்கள் எளியவை.

குலசேகரம் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். இரவில் பாய்ந்த குண்டு ஜன்னலின் மரக்கதவைத் துளைத்து, எதிர்ச்சுவரில் புதைந்திருக்கிறது. ஜன்னல் துளை தரையிலிருந்து 160 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுவர்த் துளை 115 சென்டிமீட்டரில். இரண்டுக்கும் இடையே 3 மீட்டர். உயர வேறுபாடு 45. அதை 300 ஆல் வகுத்தால் 0.15. இதுதான் இறக்கக்கோணத்தின் டேன்ஜென்ட். கோணம் ஏறத்தாழ எட்டரை டிகிரி.

சுட்டவர் என்ன சொல்கிறார்? “முற்றத்தில் நின்று காட்டுப்பன்றியை விரட்டினேன், கை தவறி வெடித்துவிட்டது” என்கிறார். இரண்டு துளைகளையும் சேர்த்து ஒரு கோடு வரைந்து, அதை ஜன்னலுக்கு வெளியே பின்னோக்கி நீட்டிப் பார்ப்போம். மீட்டருக்கு 15 சென்டிமீட்டர் வீதம் அது ஏறிக்கொண்டே போகும். பத்து மீட்டர் தள்ளி அதன் உயரம் 3 மீட்டர் 10 சென்டிமீட்டர். தோளில் வைத்துச் சுடுபவரின் துப்பாக்கி சுமார் 140 சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கும். வீட்டுத் தரையைவிட முற்றம் தாழ்வாக இருந்தால் வேறுபாடு இன்னும் கூடும். ஆகவே முற்றத்துக் கதை பொருந்தவில்லை. அடுத்த வீட்டு மாடியோ பொருந்துகிறது: மாடித் தளம் 3 மீட்டர், தோள் உயரத்தையும் சேர்த்தால் 4.4 மீட்டர். கோடு அந்த உயரத்தைத் தொடுவது ஜன்னலிலிருந்து சுமார் 19 மீட்டர் தொலைவில்.

உடனே மாடியில் இருந்தவரைக் கைகாட்டிவிடலாமா? கூடாது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து நிலம் மேடும் பள்ளமுமானது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு விளை, அதாவது தோட்ட நிலம், தாழ்ந்திருக்கும்; அடுத்த விளை ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும். பத்து மீட்டர் தள்ளியிருக்கும் விளை, வீட்டுத் தரையைவிட 170 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால், அங்கே நின்றவரின் தோளும் அதே கோட்டில்தான் வரும். கணிதம் தருவது ஒரு கோடு, புள்ளி அல்ல. அந்தக் கோட்டில் எந்த இடம் என்பதை வெற்றுத் தோட்டா கிடந்த இடமும், குண்டு உரசிய ரப்பர் மரக் கிளையும், நிலமட்ட அளவீடும்தான் சொல்ல வேண்டும். இந்த ஒரு வரியை வழக்கறிஞர்களும் செய்தியாளர்களும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

அந்தக் கோட்டுக்கும் தடிமன் உண்டு. ஒவ்வொரு துளையின் மையத்தையும் அளப்பதில் ஒரு சென்டிமீட்டர் பிழை என்றால், 3 மீட்டர் இடைவெளியில் அதிகபட்சம் 2 சென்டிமீட்டர் தவறு. 20 மீட்டர் பின்னால் போகும்போது அது 13 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்துவிடும். துளைகள் அரை மீட்டர் இடைவெளியிலேயே இருந்தால் அதே பிழை 80 சென்டிமீட்டராகும். மரக்கதவு குண்டைச் சற்றே திருப்பியிருக்கவும் கூடும். அதனால் ‘எட்டரை டிகிரி’ என்று மட்டும் சொல்லும் அறிக்கையைவிட, ‘இத்தனை டிகிரி கூடலாம், குறையலாம்’ என்று சொல்லும் அறிக்கையையே நான் நம்புவேன். பக்கவாட்டுச் சாய்வுக்கும் இதே கணக்கை இன்னொரு முறை போட வேண்டும்.

புவியீர்ப்பு குண்டை வளைக்காதா என்று மாணவர்கள் கேட்பார்கள். மிக நல்ல கேள்வி. வினாடிக்கு 350 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு 20 மீட்டரில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவே இறங்கும். ஆனால் 100 மீட்டரில் 40 சென்டிமீட்டர் இறங்கிவிடும். தொலைவு ஐந்து மடங்கானால் இறக்கம் இருபத்தைந்து மடங்கு. வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் நேர்கோடு போதும், அதற்கப்பால் போதாது.

தகரக் கூரையில் ஒரே ஒரு துளைதான் என்றால்? சாய்வாகப் பாய்ந்த குண்டு நீள்வட்டத் துளையிடும். அகலத்தை நீளத்தால் வகுத்தால், தகரத்துக்கும் குண்டின் பாதைக்கும் இடையிலான கோணத்தின் சைன் மதிப்பு கிடைக்கும். அகலம் 9 மில்லிமீட்டர், நீளம் 18 என்றால் கோணம் 30 டிகிரி. தகரம் கிழிந்திருந்தால் இந்த முறை தடுமாறும். உடலில் பாய்ந்த குண்டைப் பற்றி இன்னும் எச்சரிக்கை வேண்டும். அந்த நொடியில் அவர் குனிந்தாரா, திரும்பினாரா என்பது காயத்திலிருந்து மட்டும் தெரியாது. எலும்பில் பட்டுக் குண்டு திசை மாறவும் கூடும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176ஆம் பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் நேரில் வந்து தடயம் சேகரிக்க வழிசெய்கிறது. மாநிலங்கள் இதைச் செயல்படுத்த ஐந்தாண்டு வரை அவகாசம் உண்டு. நிபுணர் வந்து துளைகளில் கம்பி செருகியோ லேசர் வைத்தோ அளக்கும்வரை, நேயர்களே, யாரும் குண்டைக் கத்தியால் தோண்டி எடுக்க வேண்டாம். துக்க வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று சுவரைப் பூசிவிடவும் வேண்டாம். திறந்திருந்த ஜன்னலை மூடாதீர்கள், மூடியிருந்ததைத் திறக்காதீர்கள். அந்தக் கதவு சற்று நகர்ந்தாலும் இரண்டு துளைகளையும் சேர்க்கும் கோடு மாறிவிடும்.